கம்பியின் நுனி: மன்னார்க் கரையில் தந்தி முதல் நெட்வேர்க் கேபிள் வரை

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ32 வீதியில் விடத்தல்தீவைத் தாண்டி வடக்கே போனால் இலுப்பைக்கடவை வரும். மேற்கே ஆழம் குறைந்த கடல், கிழக்கே வயலும் காடும். சோளகம் வீசும் மாதங்களில் இந்தக் கரையில் உப்புக் காற்று கூரை ஆணியைத் தின்கிறது, சைக்கிள் செயினைத் தின்கிறது. சுவரோரம் ஏறிப்போகும் நெட்வேர்க் கேபிளின் நுனியிலுள்ள எட்டுச் சிறு தகடுகளையும் அது விட்டுவைப்பதில்லை.

கேபிள் நடுவில் கெடுவது குறைவு. எலி கடித்தாலோ மண்வெட்டி பட்டாலோதான் அது நடக்கும். பெரும்பாலும் கெடுவது நுனி. எந்த முனைப் பிளக்கைத் தேர்ந்தெடுத்தார்கள், எந்தக் குறட்டால் அழுத்தினார்கள் என்பதைப் பொறுத்தே ஒரு இணைப்பின் ஆயுள் அமைகிறது. கணினி வந்த பிறகு பிறந்த கவலை என்று இதை நினைக்க வேண்டாம். மன்னார்க் கரைக்கு இது நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழக்கம்.

1850இல் கொழும்பின் ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகை செய்தி கொண்டுவரப் புறா வளர்த்தது. சூயஸ் பக்கமிருந்து வரும் நீராவிக் கப்பல்கள் அப்போது காலித் துறைமுகத்தில்தான் தங்கும். கப்பலில் வந்த ஐரோப்பியச் செய்திகளைச் சுருக்கி எழுதிப் புறாவின் காலில் கட்டிக் கொழும்புக்குப் பறக்கவிடுவார்கள். 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக் கம்பி வந்தது. புறாக்களின் வேலை அத்தோடு முடிந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் தந்தி வடக்கே மன்னார் வரை நீண்டு, அங்கிருந்து கடலுக்கு அடியால் இராமேசுவரக் கரைக்குப் போனது. அன்று ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே தந்தித் தொடர்பு கிடையாது. ஆகவே காலியில் இறங்கிய செய்தியை மதராசும் கல்கத்தாவும் கப்பலை முந்தி அறிய வேண்டுமென்றால், மன்னார்க் கடலுக்கடியில் கிடந்த அந்த ஒற்றைக் கேபிளை நம்ப வேண்டியிருந்தது.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீற்றர். நடுவே மணல் திட்டுகள், ஓயாமல் இடம் மாறும் நீரோட்டம். செம்புக் கம்பியை வெறுமனே தண்ணீரில் போட்டால் மின்சாரம் கடலோடு போய்விடும். அதைத் தடுக்க அன்று கிடைத்த ஒரே நல்ல பொருள் கட்டாபர்ச்சா. மலாய் நாட்டு மரமொன்றின் பால் அது. வெந்நீரில் போட்டால் மாவாகக் குழையும்; ஆறினால் இறுகும்; உப்புநீரில் கெடாது. வில்லியம் மொன்ட்கொமரி என்ற மருத்துவர் 1843இல் அதை லண்டனுக்கு அறிமுகப்படுத்தினார். நான்கு ஆண்டுகள் கழித்து வேர்னர் சீமென்ஸ் அதைக் கம்பியின் மேல் மடிப்பின்றிப் பூசும் இயந்திரத்தைச் செய்தார். டோவருக்கும் கலேக்கும் இடையே 1850இல் போட்ட முதல் கம்பி ஒரு நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. மீனவர் ஒருவரின் வலையில் சிக்கி அறுந்தது என்று சொல்வார்கள். அடுத்த ஆண்டு இரும்புக் கவசத்தோடு போட்ட கேபிள் நிலைத்தது.

இந்தியாவில் தந்திக்கு வழி போட்டவரும் ஒரு மருத்துவர்தான். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வில்லியம் ஓ’ஷாக்னசி 1839இலேயே தாவரவியல் தோட்டத்து மூங்கில்களில் ஏறத்தாழ 35 கிலோமீற்றர் நீளக் கம்பியைக் கட்டிச் சோதனை நடத்தினார். ஹூக்ளி ஆற்றைக் கடக்க அவர் செய்த கேபிளுக்குக் கட்டாபர்ச்சா கிடைக்கவில்லை. தார் பூசிய சணலும் பிளந்த பிரம்பும்தான் உறை. 1851இல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹாபருக்கு அவர் போட்ட வழியில் மெல்லிய கம்பிக்குப் பதிலாகத் தடித்த இரும்புக் கோல்கள் நுனியோடு நுனி பற்றவைக்கப்பட்டன. குரங்கு தொங்கினாலும் பறவைக் கூட்டம் உட்கார்ந்தாலும் அறக்கூடாது என்பது அவருடைய கணக்கு. ஐரோப்பாவில் செய்ததை அப்படியே கொண்டுவந்து நடாமல், இந்த மண்ணின் வெயிலையும் மழையையும் விலங்கையும் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுத்த அவருடைய புத்தி இன்றைக்கும் கேபிள் போடுபவருக்குத் தேவைப்படும் புத்திதான்.

கடல் கேபிள் வேலையில் மிகவும் மதிக்கப்பட்டவர் மூட்டுக்காரர். இரண்டு கேபிள் துண்டுகளை ஒன்றாக்குவது அவர் பொறுப்பு. செம்பின் இரண்டு நுனிகளையும் சாய்வாக அராவி, ஒன்றின் மேல் ஒன்று படிய வைத்து ஈயம் ஒட்டுவார். அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி மறுபடியும் ஈயம். பிறகு இருபுறமும் உள்ள கட்டாபர்ச்சாவை ஸ்பிரிட் விளக்கில் இளக்கி, விரலால் நடுப்பகுதிக்கு இழுத்து வருவார். இடையில் சற்றர்டன் கலவை என்ற பிசின் ஒரு படலம், மேலே கட்டாபர்ச்சாத் தகடு, மீண்டும் பிசின். விரலில் வியர்வை இருந்தால் மூட்டு போச்சு. ஒரு தூசி, ஒரு காற்றுக்குமிழி உள்ளே மாட்டினாலும் சில மாதங்களில் கடல்நீர் அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும். முடித்த மூட்டைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி மின்கசிவு பார்த்த பிறகே கப்பலிலிருந்து இறக்குவார்கள்.

1858 ஆகஸ்டில் அத்திலாந்திக்கைக் கடந்த முதல் கேபிள் மூன்று வாரமளவில் ஊமையானது. அதன் உறையிலிருந்த குறைகளோடு, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைச் செலுத்தியதும் சேர்ந்து அதைக் கொன்றது. வெப்பக் கடல்களிலோ வேறொரு எதிரியும் இருந்தது. மரக்கலங்களைத் துளைக்கும் கடற்புழு சணலையும் கட்டாபர்ச்சாவையும் தின்றது. பின்னாளில் கட்டாபர்ச்சா உறையைச் சுற்றிப் பித்தளைப் பட்டி சுற்றும் வழக்கம் வந்தது அதனால்தான். வள்ளத்து அடிப்பலகையைப் புழுவிடமிருந்து காக்க அல்லும் பகலும் பாடுபட்ட மன்னார்க் கரையோரத்துக்கு இந்த எதிரி புதியவன் அல்ல.

1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் ரயில் பாதையும் திறந்து, ரயிலையும் கப்பலையும் இணைத்த போட் மெயில் ஓடத் தொடங்கியது. மன்னார் இரண்டு நாடுகளுக்கு இடைப்பட்ட வாசலானது. ரயில் போன இடமெல்லாம் பக்கத்திலேயே தந்திக் கம்பியும் போனது. வண்டி புறப்பட்ட தகவல் அடுத்த நிலையத்துக்கு முதலில் போய்ச் சேர வேண்டுமே! 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை ரயிலோடு சேர்த்து விழுங்கியது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது தலைமன்னாருக்கான ரயிலும் நின்றுபோனது.

அந்த ஆண்டுகளைத் தாண்டி எழுத மனம் வருவதில்லை. யாழ்ப்பாணத்துக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் 1990இல் அறுந்தது. பற்றரிகூடத் தடைப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவிலிருந்து இரண்டு வயர் இழுத்து வானொலியில் செய்தி கேட்டார்கள். வடக்கில் அந்தக் காலத்தை வாழ்ந்தவர்கள் யாரிடம் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஈயமும் டேப்பும் கிடைக்காத இடத்தில் வயர் நுனியை உரசிப் பளபளப்பாக்கி, இழையோடு இழை சேர்த்து இறுக முறுக்குவதுதான் ஒரே வழி. முறுக்கு தளர்ந்தால் செய்தி நடுவில் நிற்கும். பள்ளிக்கூடத்தில் கற்பிக்காத மின்னியல் பாடத்தை ஒரு தலைமுறை முழுதும் அப்படித்தான் கற்றது.

கொழும்பில் அதே 1990இல் வேறொன்று தொடங்கியது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அபய இந்துருவவின் முயற்சியில் பல்கலைக்கழகங்களுக்கு மின்னஞ்சல் சேவை வந்தது. 1995இல் இணையம் விற்பனைக்கும் வந்தது. நாட்டின் ஒரு பாதி மின்னஞ்சல் அனுப்பிய காலத்தில் மறு பாதி டைனமோ மிதித்தது.

கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கம்பியின் வரலாறு அதற்குச் சற்று முந்தியது. 1973இல் கலிபோர்னியாவிலுள்ள செரொக்ஸ் ஆய்வகத்தில் ரொபர்ட் மெட்காவ் ஈதர்நெட்டின் முதல் குறிப்பை எழுதினார். அதிலிருந்து வளர்ந்த முதல் தரத்தில் தடித்த ஒரே கேபிள் கட்டடம் முழுக்க ஓடும். அதில் இரண்டரை மீற்றருக்கு ஒரு குறி. கணினி சேர்க்க வேண்டிய இடத்தில் கேபிளைத் துளைத்து, ஊசியை உள்ளே இறக்கி, நடுச் செம்பைத் தொட வைப்பார்கள். கை கொஞ்சம் தவறினால் கட்டடத்துக்கே தொடர்பு போகும். பிறகு வந்த மெல்லிய கேபிளில் திருகிப் பூட்டும் முனைகள் இருந்தன. ஒருவர் மேசையை நகர்த்தி முனை கழன்றால் வரிசையில் இருந்த அத்தனை பேரும் துண்டிக்கப்பட்டார்கள்.

தீர்வு தொலைபேசிக்காரரிடமிருந்து வந்தது. இரண்டு கம்பிகளை ஒன்றையொன்று சுற்றி முறுக்கினால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறி, மறுமுனையில் ஒன்றையொன்று கழித்துவிடும். அலெக்சாண்டர் கிரகம் பெல் 1881இல் காப்புரிமை பெற்ற உத்தி இது. நூறாண்டுக்குப் பிறகு, 1990இல், அதே முறுக்குக் கம்பியில் ஈதர்நெட்டை ஓட்டும் தரம் வெளியானது. 1991இல் கட்டடங்களில் கேபிள் போடுவதற்கான அமெரிக்கத் தரம் வந்து, எட்டுக் கம்பிகளின் நிற ஒழுங்கு உறுதியானது. முனைக்கு எடுத்துக்கொண்டது பெல் நிறுவனம் தொலைபேசிக்காக உருவாக்கிய பிளாஸ்டிக் பிளக்கின் எட்டுத் தகட்டு வடிவம். இன்று கடைக்குப் போய் ‘ஆர்ஜே45’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது அதைத்தான்.

அந்தத் தொலைபேசிப் பரம்பரை பிளக்கின் உள்ளேயே தெரியும். ‘பி’ எனப்படும் நிற ஒழுங்கில் கம்பிகளை அடுக்கும்போது முதலில் வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள். அடுத்து வெள்ளைப் பச்சை. நான்காவதாகப் பச்சை வரும் என்று எதிர்பார்த்தால் நீலம் வருகிறது. பிறகு வெள்ளை நீலம், அதன் பிறகுதான் பச்சை. கடைசியில் வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். புதிதாகப் பழகுபவரை அதிகம் ஏமாற்றும் இடம் இந்தப் பச்சைதான். நடுவிலுள்ள நான்காம், ஐந்தாம் தகடுகள் தொலைபேசியின் முதல் இணைப்புக்கு உரியவை. அந்த இடத்தைத் தொடாமல் நீலச் சோடிக்கு விட்டுவிட்டு, பச்சைச் சோடியை அதன் இரு பக்கமும் பிரித்து வைத்தார்கள். இதை அறியாமல் சோடி சோடியாக வரிசையில் அடுக்கி, இரு முனையிலும் ஒரேமாதிரி அடித்துவிட்டால், மலிவான டெஸ்டரின் எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரியும். கேபிளோ வேகம் எடுக்காது; அடிக்கடி அறுபடும். மூன்றாம், ஆறாம் தகடுகளுக்குப் போகும் இரண்டு கம்பிகளும் வெவ்வேறு முறுக்கிலிருந்து வந்தவை என்பதை அந்த விளக்கு கண்டுகொள்ளாது.

ஈயம் இல்லாமல் நுனியை அழுத்தியே பிணைக்கும் உத்திக்கும் ஒரு கதை உண்டு. 1941இல் உங்கஸ் விட்டேக்கர் என்ற பொறியியலாளர் அமெரிக்காவில் தொடங்கிய ஏம்ப் நிறுவனம் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் ஈயமில்லா முனைகளைச் செய்தது. போர் விமானம் ஒன்றில் ஆயிரக்கணக்கான வயர் நுனிகள்; ஒவ்வொன்றுக்கும் ஈயம் உருக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. சரியான அளவு அழுத்தத்தில் உலோகத்தோடு உலோகம் நெருங்கிப் படிந்து, இடையில் காற்றுக்கே இடமில்லாமல் போகும். ஈயம் ஒட்டிய இடம் அதிர்வில் வெடிக்கலாம். நன்றாக அழுத்திய நுனி வெடிக்காது. ஜெர்மனியின் குரோனே நிறுவனம் இன்னொரு வழியைப் பரப்பியது. உறையை உரிக்காமலே கம்பியை இரு தகடுகளின் இடைவெளியில் குத்தி இறக்கினால் தகடே உறையைக் கிழித்துச் செம்பைப் பிடித்துக்கொள்ளும். அந்த நிறுவனத்தின் பெயரே குத்தும் கருவிக்கும் பெயராகி, தொலைபேசிக்காரர்களின் பையில் ‘குரோன் டூல்’ நிரந்தர இடம் பிடித்தது.

2008 ஜூலையில் போர் இலுப்பைக்கடவையைக் கடந்து போனது. ஊர் ஓடியது. திரும்பி வந்தவர்கள் கிணற்றைத் தூர்வாருவதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததும் ஏ32 வழியே யாழ்ப்பாணம் கிட்டியது. 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை ரயில் மறுபடி ஓடியது. கோபுரங்கள் எழுந்தன, கைத்தொலைபேசி முதலில் வந்தது, கம்பி பின்னால் வந்தது. இன்று இந்தக் கரையோரத்தில் நெட்வேர்க் கேபிள் தேவைப்படும் இடங்கள் பல: பள்ளிக்கூடத்துக் கணினி அறை, கடைக்காரரின் கமெரா, முற்றத்தைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகும் வைஃபை பெட்டி. கடையில் கிடைக்கும் ஆயத்தக் கேபிள் ஐந்து, பத்து மீற்றரோடு நின்றுவிடும். முப்பது, நாற்பது மீற்றர் வேண்டுபவர் சுருளில் வாங்கித் தாமே நுனி அடிக்க வேண்டும்.

அப்படி அடிப்பவர் முதலில் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். மலிவான சுருள் பலவற்றில் உள்ளே இருப்பது செம்பு முலாம் பூசிய அலுமினியம். கம்பி நுனியைப் பிளேடால் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரியும். பெட்டியைத் தூக்கினாலே எடை காட்டிக்கொடுக்கும். தரம் இதை ஏற்பதில்லை. கமெராவுக்குக் கேபிள் வழியே மின்சாரமும் போகும்போது இது செம்பைவிட அதிகமாகச் சூடாகும். உப்புக் காற்றில் நுனி வெகு சீக்கிரம் பொரிந்துபோகும். மன்னார்க் கரைக்கு இந்தக் கேபிளை விற்பது அநியாயம் என்றே சொல்ல வேண்டும். வெளியில் போடுவதற்குக் கறுப்புப் பொலித்தீன் உறையுள்ள கேபிளே ஏற்றது. சாம்பல் நிற உட்புறக் கேபிளின் உறை நம் வெயிலில் வெடித்துவிடும்.

அடுத்தது பிளக். கெட்டியான ஒற்றைக் கம்பிக்கும் மெல்லிழைகளால் ஆன கம்பிக்கும் பிளக் வேறு. இழைக் கம்பிக்குரிய தகட்டின் கூர் நேரே நடுவில் குத்தி இழைகளுக்குள் நுழையும். ஒற்றைக் கம்பிக்குரியதில் மூன்று பற்கள் மாறி மாறிச் சாய்ந்து நின்று கம்பியை இருபுறமும் கவ்வும். பிளக்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நுனியிலிருந்து பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். தவறானதைப் போட்டாலும் முதல் நாள் வேலை செய்யும். மழைக்காலம் வரும்போது கைவிடும். கட்6 வகைக் கேபிளின் கம்பி பழைய கட்5இ வகையைவிடப் பருமன் என்பதால் பழைய பிளக்கின் துளையில் அது நுழையாது. தகட்டின் பொன் முலாமும் முக்கியம். நல்ல பிளக்கில் அது 50 மைக்ரோ அங்குலம், அதாவது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மலிவுப் பிளக்கில் இருப்பது நிறம் காட்டும் அளவு பொன்தான். நான்கு முறை கழற்றி மாட்டினால் அது உரசிப்போகும், பிறகு பச்சை பிடிக்கும்.

கம்பிகள் முன்பக்கத்தால் வெளியே வந்து, அழுத்தும்போதே வெட்டுப்படும் துளைப் பிளக் இப்போது பரவலாகக் கிடைக்கிறது. வரிசை சரிதானா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யலாம் என்பதால் பழகுபவருக்கு அது வசதி. ஆனால் வெட்டுப்பட்ட எட்டுச் செம்பு நுனிகளும் பிளக்கின் முகப்பில் திறந்து கிடக்கும். குளிரூட்டிய அலுவலகத்தில் அது பெரிய குறை அல்ல; கடற்கரையில் குறைதான். இங்கே பழைய மூடிய பிளக்கே நல்லது.

குறட்டில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. கத்தரிக்கோல் போல ஒரு பக்கம் முதலில் மூடும் மலிவுக் குறடு, அச்சுக்கு அருகிலுள்ள தகடுகளை ஆழமாகவும் மறுபக்கத்தை அரைகுறையாகவும் இறக்கும். முதலாவதும் எட்டாவதும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டுமானால் தாடை நேராக இறங்க வேண்டும். முழு அழுத்தம் கொடுக்கும்வரை திறக்காத பல்சக்கரப் பூட்டும் வேண்டும். கை தளர்ந்த மாலைநேரத்து நுனியும் காலை நுனியும் ஒன்றாக வருவது அந்தப் பூட்டால்தான். உறையை உரிக்கும்போது உள்ளே கம்பியில் கத்தி பட்டிருக்கிறதா என்று நுனியை வளைத்துப் பார்க்க வேண்டும். முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேல் பிரிக்கக் கூடாது. வெளியுறை பிளக்கின் வாய்க்குள் நுழைந்து, பின்புறக் கட்டையின் கடிக்குள் அகப்பட வேண்டும். இல்லையென்றால் கேபிளின் பாரம் முழுதும் எட்டு மெல்லிய கம்பிகளில் தொங்கும்.

இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. சுவரில் நிலையாக ஓடும் கேபிளுக்குப் பிளக் அடிக்காமல், இரு முனையிலும் சுவர்ப் பெட்டி வைத்துக் குத்துக் கருவியால் இறக்கிவிட்டு, அங்கிருந்து கணினிக்கு ஆயத்தக் கேபிள் மாட்டுவது. கட்டடக் கேபிளுக்கான தரம் 90 மீற்றர் நிலைக் கேபிளும் 10 மீற்றர் தொங்கு கேபிளும் என்று 100 மீற்றரைப் பிரித்து வைத்திருப்பது இதை மனதில் கொண்டுதான். கழற்றி மாட்டித் தேய்வது தொங்கு கேபிள் மட்டும். அதை மாற்றச் சில நூறு ரூபாய் போதும். வெளியிலிருந்து கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் துளைக்குக் கீழே ஒரு தொய்வு விட்டால், மழைநீர் அந்த வளைவில் சொட்டிப்போகும், உள்ளே வராது.

நகரங்களில் கண்ணாடி இழை வீட்டு வாசல்வரை வந்துவிட்டது. அதன் நுனியை வெட்டக் கூர்க்கத்தி, துடைக்க ஸ்பிரிட், உருக்கி ஒட்டத் தனி இயந்திரம் என்று தொழிலும் மாறுகிறது. ஆனால் கண்ணாடி இழையால் கமெராவுக்கு மின்சாரம் கொடுக்க முடியாது. வாசலில் இழை முடிந்து பெட்டிக்குள் போனதும், அங்கிருந்து கூரைக்கும் கடைக்கும் வாடிக்கும் போவது இன்னும் அந்த நான்கு சோடிச் செம்புதான். நூறு மீற்றருக்குள் தேவை இருக்கும்வரை அதன் இரு நுனிகளையும் யாராவது ஒருவர் குறடு பிடித்து அழுத்தியாக வேண்டும்.